டிம்மரில் போட்ட எல்இடி விளக்குகள் ஏன் இரைகின்றன, எந்த டிம்மர் வாங்கினால் நிற்கும்?

கேள்வி இதுதான்: பொய்க்கூரையில் ஆறு ஹாலோஜன் விளக்குகள் இருந்தன, ஒவ்வொன்றும் 50 வாட், நேரடியாக 230 வோல்ட்டில் எரிபவை. அவற்றைக் கழற்றிவிட்டு 7 வாட் எல்இடி போட்டிருக்கிறீர்கள். அட்டையில் 'டிம்மபிள்' என்று தெளிவாகவே இருக்கிறது. சுவரில் உள்ள டிம்மர் மட்டும் பழையது. அதன் முதுகில் 60–400 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. முழு வெளிச்சத்தில் சத்தமே இல்லை. பாதிக்குக் குறைத்தால் 'ங்ங்ங்' என்று விடாத ரீங்காரம். பல்பை மாற்றுவதா, டிம்மரை மாற்றுவதா, மாற்றினால் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

டிம்மரை மாற்றுங்கள். மின்னலையின் பின்பகுதியை வெட்டும் 'ட்ரெய்லிங் எட்ஜ்' வகையாக இருக்கட்டும். எல்இடிக்கு எத்தனை வாட் என்று தனியாகக் குறித்திருக்கட்டும். குறைந்தபட்ச சுமை 10 வாட்டுக்குள் இருக்கட்டும். உங்களைப் போன்ற அமைப்பில் பெரும்பாலும் இதிலேயே சத்தம் போய்விடும். ஆனாலும் காசைக் கொடுப்பதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டு, மூன்று முறை பல்பு மாற்றியும் சத்தம் போகாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு அடங்கிய பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, விளக்கைப் பாதி வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் டிம்மர் தகட்டின் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு கெட்டியான தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பல்பின் அருகிலும் வைத்து, ஒவ்வொரு விளக்காகக் கேட்டுக்கொண்டே போங்கள். அறை முழுக்கப் பரவியிருந்த சத்தம் அப்போது ஓரிடத்துச் சத்தமாகத் தெரியும். சுவரிலிருந்து வருகிறதா, ஆறு பல்பும் சேர்ந்து பாடுகின்றனவா, ஒன்று மட்டும்தானா என்பது விளங்கிவிடும்.

ஒன்று மட்டும் என்றால், மின்சாரத்தை அணைத்து, பல்பு ஆறிய பின் அதையும் பக்கத்து விளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். சத்தம் பல்போடு நகர்ந்தால் பல்பில் குறை. பழைய இடத்திலேயே நின்றால் விளக்குக் கூட்டில் குறை. ஒரு வீட்டில் புது டிம்மர் போட்டும் ஒரு மூலையில் மட்டும் முனகல் நிற்கவில்லை. பல்பை மாற்றிப் போட்டால் அதே மூலைதான். கடைசியில் பார்த்தால், விளக்கைச் சுற்றியிருந்த மெல்லிய உலோக வளையம் கூரைப் பலகையில் சரியாக உட்காராமல் அதிர்ந்துகொண்டிருந்தது. வளையத்தின் கவ்விகளை இறுக்கியதும் அடங்கிவிட்டது. பல்பு போடும் சத்தம் மிகச் சிறியதாக இருந்தாலும், கூடும் பலகையும் சேர்ந்து அதை வீணைக்குடம் மாதிரி பெருக்கிக் கொடுத்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். டிம்மர் என்றதும், குழாயைத் திருகினால் தண்ணீர் குறைவது போல மின்னழுத்தம் குறைகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. நம் சுவருக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 50 முறை மேலும் 50 முறை கீழுமாக, மொத்தம் 100 அரையலைகளாக வருகிறது. டிம்மர் ஒவ்வொரு அரையலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் பல்புக்கு அனுப்புகிறது. எங்கே வெட்டுகிறது என்பதில்தான் உங்கள் பிரச்சினையின் வேர் இருக்கிறது.

பழைய டிம்மர்கள் அலையின் முன்பகுதியை வெட்டுபவை. அதனால்தான் லீடிங் எட்ஜ் என்று பெயர். உள்ளே இருக்கும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் அரையலை தொடங்கும்போது பாதையை மூடியிருக்கும். பாதி வழியில் சட்டென்று திறக்கும். 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட். டிம்மரைப் பாதியில் வைத்தால் டிரையாக் திறக்கும் இடம் சரியாக அந்த உச்சி. பூஜ்யத்தில் இருந்த பல்பின் தலையில் கண்ணிமைக்கும் நேரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விரைவாக 325 வோல்ட் வந்து விழுகிறது, அதுவும் நொடிக்கு 100 முறை. பல்புக்குள் எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்டான டிரைவரின் மின்தேக்கி அந்தக் கணத்தில் மின்னோட்டத்தை ஒரே மூச்சில் இழுக்கிறது. அதிலுள்ள சுருளின் கம்பிகள் காந்த விசையில் துடிக்கின்றன. பீங்கான் மின்தேக்கிகளுக்கு இன்னொரு குணம் உண்டு: மின்னழுத்தம் மாறும்போது அவை நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும், தாம் ஒட்டியிருக்கும் சர்க்யூட் பலகையையும் சேர்த்து ஆட்டும். உங்கள் காதில் விழுவது இந்த ஆட்டம்தான். அடிச்சுரம் 100 ஹெர்ட்ஸ். அடி கூர்மையானது என்பதால் 200, 300, 400 என்று மேல்சுரங்களும் சேர்ந்துகொள்கின்றன. கொசு ரீங்காரம் போல எரிச்சலூட்டுவது அதனால்தான். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இதே சத்தம் 120 ஹெர்ட்ஸில் தொடங்கும்.

முழு வெளிச்சத்தில் ஏன் சத்தம் இல்லை என்பதற்கும் இதுவே விடை. அங்கே வெட்டு ஏறத்தாழ அலையின் தொடக்கத்திலேயே விழுவதால் பாய்ச்சல் சிறியது. மிகக் குறைத்தாலும் வெட்டு அலையின் வால்பக்கம் போய்விடுவதால் சத்தம் தணியும். குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சத்தம் உச்சமாகி இரு பக்கமும் தேய்ந்தால், குற்றவாளி முன்பக்க வெட்டுதான் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

பழைய டிம்மர் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தால் இன்னும் தெளிவாகும். அலுமினியத் தகட்டில் திருகிய மூன்று கால் கறுப்புச் சில்லு, அதுதான் டிரையாக். பக்கத்தில் ஒரு கறுப்பு வளையம், அதைச் சுற்றித் தாமிரக் கம்பி, அது சோக். திடீர்ப் பாய்ச்சல் வானொலியில் கரகரப்பை உண்டாக்கும் என்பதால் அதைச் சற்றே மட்டுப்படுத்த வைத்திருக்கிறார்கள். வேகத்தைத் தாங்கித் தாங்கி அந்த வளையமே முனக ஆரம்பித்துவிடும். தகட்டில் காதை வைத்தால் கேட்கும் சத்தம் பெரும்பாலும் இதுதான். இழை பல்பு காலத்திலும் இந்த முனகல் உண்டு. பல்பின் இழைகூடச் சேர்ந்து பாடும். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது ஒரு பாதி. மற்றொரு பாதி நீங்களே எழுதியிருக்கும் 60 என்ற எண்ணில் இருக்கிறது. டிரையாக் ஒருமுறை திறந்தால், தன் வழியாக ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் திறந்திருக்கும். அந்த அளவு பொதுவாகச் சில பத்து மில்லியாம்பியர். அதற்குக் கீழே போனால் தானே மூடிக்கொள்ளும். ஆறு ஹாலோஜன் எரிந்தபோது சுமை 300 வாட், ஒன்றேகால் ஆம்பியருக்கும் மேல். டிரையாக்குக்குப் பஞ்சமே இல்லை. இப்போது ஆறும் சேர்த்து 42 வாட். சராசரியாக 180 மில்லியாம்பியர் வருகிறதே, போதாதா என்று கேட்பீர்கள். எல்இடி டிரைவர் அதைச் சீராக இழுப்பதில்லை. ஒரு கணம் அள்ளி இழுத்துவிட்டு மறுகணம் வாயை மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் டிரையாக் விழுந்து, எழுந்து, மறுபடி விழுகிறது. வெளிச்சம் துடிப்பதும், சத்தம் ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டு வருவதும் இதனால்தான். டிம்மரின் முதுகில் 60 என்று போட்டிருப்பது, இதற்குக் கீழே நான் பொறுப்பில்லை என்று அது சொல்லிவிட்டதாகத்தான் பொருள். ஆனால் கடையில் நிற்கும்போது எல்லோர் கண்ணும் 400 என்ற எண்ணின் மீதுதான் போகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கழற்றிய ஹாலோஜனில் ஒன்றை மீண்டும் போடுங்கள். ஐந்து எல்இடியும் ஒரு ஹாலோஜனுமாகச் சுமை 85 வாட், குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டது. துடிப்பும் விட்டுவிட்டு வரும் சத்தமும் மறைந்தால் அது சுமைக் குறைவு. சீரான ரீங்காரம் மட்டும் மிஞ்சினால் அது வெட்டின் குறை. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தே இருப்பது வழக்கம்.

ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் இரண்டையும் ஒருசேரக் கவனிக்கிறது. அரையலை பூஜ்யத்தில் தொடங்கும்போதே பாதையைத் திறந்துவிடும். பல்பு அலையோடு அலையாக மேலே ஏறும். மேலிருந்து விழும் அடி கிடையாது. வெட்டு அலையின் பின்பகுதியில் நடக்கிறது. அங்கும் டிரையாக்குக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற வேறு வகை மின்னணு சுவிட்ச் இருப்பதால் கதவைப் பட்டென்று சாத்தாமல் மெல்லச் சாத்த முடிகிறது. திடீர்ப் பாய்ச்சல் இல்லாததால் அந்தத் தாமிர வளையமும் பொதுவாகத் தேவைப்படாது, சுவரும் அமைதியாகிவிடும். மாஸ்ஃபெட் திறந்திருக்க மின்னோட்டத்தின் தயவு வேண்டியதில்லை என்பதால் குறைந்தபட்ச சுமை 5 வாட், 10 வாட் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதிகபட்சம் பழையதைவிடக் குறைவாக இருக்கும். எல்இடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கடையில் எப்படி அடையாளம் காண்பது? ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் டிம்மர்களில் ஆர், எல், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் சில இருக்கும். ஆர், எல் இரண்டும் இருந்தால் முன்பக்க வெட்டு. ஆர், சி இருந்தால் பின்பக்க வெட்டு, உங்களுக்கு வேண்டியது. மூன்றும் இருந்தால் இரண்டு முறையிலும் இயங்கும் 'யுனிவர்சல்'; சில தானே பல்பைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும், சிலவற்றில் நாம் மாற்றிக் கொடுக்க வேண்டும். விலை கூடுதல் என்றாலும், பின்னாளில் பல்பு மாறினால் கைகொடுக்கும் என்பதால் எனக்கு இந்த வகை பிடிக்கும்.

120 வோல்ட் நாடுகளில் கதை கொஞ்சம் மாறும். அங்கே சுவர்களில் டிரையாக் டிம்மர்களே நிறைந்திருப்பதால் எல்இடி டிரைவர்களையும் அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். முன்பக்க வெட்டு டிம்மரும் எல்இடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக 2013-ல் அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான நேமாவின் 'நேமா எஸ்எஸ்எல் 7ஏ' என்ற தரநிலையும் வந்தது. அந்தப் பெயர் இரண்டிலும் இருந்தால் முன்பக்க வெட்டிலேயே திருப்தியாக எரியும். பின்பக்க வெட்டு வேண்டுமென்றால் அங்கே அதை 'இஎல்வி' டிம்மர் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது அதிகபட்ச வாட். 400 வாட் டிம்மரில் 400 வாட்டுக்கு எல்இடி போடலாம் என்று நினைக்கக் கூடாது. ஒரு கணத்தில் அள்ளி இழுக்கும் பழக்கம் எல்இடிக்கு இருப்பதாகச் சொன்னேன். அந்த உச்ச மின்னோட்டம் சராசரியைப் போலப் பல மடங்கு. ஆகவே எல்இடிக்கென்று தனி எண் இல்லாத பழைய டிம்மரில், எழுதியிருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் எல்இடி சுமை என்று தொழிலில் இருப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். உங்கள் 400 வாட் டிம்மருக்கு அது 40 வாட். கீழே 60, மேலே 40! இந்தப் பல்புகளுக்கு அதில் இடமே இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. புதிதாக வாங்குவதில் 'எல்இடி 5–100 வாட்' என்பது போல எழுதியிருந்தால் 42 நடுவில் வசதியாக உட்காரும். சில நிறுவனங்கள் வாட்டோடு, அதிகபட்சம் இத்தனை பல்பு என்றும் எழுதுவார்கள். இரண்டில் எது முதலில் எட்டுகிறதோ அதுதான் எல்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று டிம்மர்களை ஒட்டி ஒட்டி வைத்தால் சூடு வெளியேற வழி குறையும். அப்போது எல்லையை இன்னும் கீழே பிடியுங்கள்.

பல்பு பற்றியும் ஒரு வார்த்தை. 'டிம்மபிள்' என்று எழுதியிருந்தால், வெட்டிய அலையைப் புரிந்துகொண்டு வெளிச்சத்தைக் குறைக்கத் தெரிந்த டிரைவர் உள்ளே இருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் குறைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. நல்ல நிறுவனங்கள் எந்தெந்த டிம்மர் மாடலோடு பல்பைச் சோதித்தார்கள் என்று பட்டியல் வெளியிடுகின்றன. என் அனுபவத்தில் அட்டையிலுள்ள எல்லா வாசகங்களையும்விட நம்பத் தகுந்தது அந்தப் பட்டியல்தான். பல்பின் மாடல் எண்ணையும் டிம்மரின் மாடல் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒரே பெயரில் பழைய டிரைவரும் புது டிரைவரும் விற்பது உண்டு. ஒரே டிம்மரில் இரண்டு நிறுவனப் பல்புகளைக் கலக்காதீர்கள். 'டிம்மபிள்' என்று இல்லாத பல்பை டிம்மரில் போடவே கூடாது. இரைவதும் துடிப்பதும் போக, டிரைவர் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். செயலி மூலம் வெளிச்சம் குறைக்கும் ஸ்மார்ட் பல்புக்கும் இதே விதி, அதற்குச் சாதாரண சுவிட்ச்தான் வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றி விளக்குக்குப் போடுவதும் வேண்டாம். அது செய்யும் வேலை வேறு.

வெளிச்சம் எவ்வளவு இறங்கும் என்பதிலும் ஏமாற்றம் வரக்கூடும். '10 சதவீதம் வரை குறையும்' என்றால் கருவி அளக்கும் ஒளி பத்தில் ஒன்றாகிறது என்று பொருள். குறைந்த வெளிச்சத்துக்கேற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகத் தெரியும். படம் பார்க்க மங்கலான வெளிச்சம் வேண்டுமென்றால் 1 சதவீதம் வரை இறங்கும் பல்பும் டிம்மரும் தேவை. கண்ணுக்கு அது பத்தில் ஒன்றாக இருக்கும்.

புது டிம்மரில் 'மினிமம்' என்று சிறு திருகோ பொத்தானோ இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடாதீர்கள். முழுவதும் குறைத்து வைத்து, துடிப்பு நிற்கும் இடம் வரை அதைச் சற்று ஏற்றுங்கள். பிறகு அதே நிலையில் அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஆறு பல்பும் ஒன்றாக எரிய வேண்டும். ஒன்றிரண்டு தயங்கினால் இன்னும் ஒரு துளி ஏற்றுங்கள்.

சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் இருக்காது. இரண்டு கம்பி டிம்மர் தனக்கு வேண்டிய சிறிதளவு மின்சாரத்தைப் பல்பின் வழியாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கலாம். விளக்குக்கு இணையாக ஒரு 'பைபாஸ்' சாதனத்தைப் போட்டால் அது நிற்கும். நியூட்ரல் கிடைக்கிற இடத்தில் மூன்று கம்பி டிம்மரே மேல். படிக்கட்டு விளக்கு போல இரண்டு இடத்தில் சுவிட்ச் இருந்தால், ஒரு முனையில் மட்டுமே டிம்மர் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாதாரண டிம்மர் வைத்தால், ஏற்கெனவே வெட்டிய அலையை மறுபடி வெட்டுவதாகிவிடும்.

உங்கள் விளக்குகள் 12 வோல்ட்டாக இருந்திருந்தால் விடை வேறு. கனமான, சுருள் வைத்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பின்பக்க வெட்டு அதற்கு ஆகாது. எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதற்கே தனியாகக் குறைந்தபட்ச சுமை உண்டு, எல்இடி அதை எட்டாது. இரண்டையும் தூக்கிவிட்டு டிம்மபிள் எல்இடி டிரைவர் போடுவதுதான் நிம்மதி. பட்டை விளக்குகளில் 24 வோல்ட் பக்கம் நொடிக்குப் பல நூறு முறை அணைத்து எரித்து வெளிச்சம் குறைக்கிறார்கள். அந்த எண்ணிக்கை காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருந்தால் பவர் சப்ளை பாடும். 20,000-க்கு மேல் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கினால் காதுக்குக் கேட்காது.

ஒரு சத்தத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீரான ரீங்காரம் இல்லாமல், எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சுவரிலிருந்து வந்தாலோ, கருகல் வாடை அடித்தாலோ, தகடு கையை வைக்க முடியாமல் சுட்டாலோ, அது பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு. இலேசான வெதுவெதுப்பு இயல்பு, சூடு இயல்பு இல்லை. உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தீப்பிடிப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

இப்போது செய்ய வேண்டியது: மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பின் டிம்மரை வெளியே இழுத்து, உள்ளே எத்தனை கம்பி வருகிறது, எது எதில் சேர்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வேலையில் பழக்கமில்லை என்றால் இதையும் எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். பெட்டியின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், யுனிவர்சல் வகை சில ஆழமான பெட்டி கேட்கும். அந்தப் படம், அளவு, பல்பின் மாடல் எண், '42 வாட்' என்ற கணக்கு, இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சத்தம் நிற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போட்ட அன்றிரவே தாள் குழலோடு மறுபடி ஒரு சுற்று கேளுங்கள், முக்கியமாகக் குமிழ் பாதியில் இருக்கும்போது.